வலி சீதபற்பநல்லூர்

காலையில் முதல் மூத்திரம் வேண்டாம்,
இரண்டாவதுதான் வேண்டும் என்று சொல்லியிருந்தாள்
வண்ணார்பேட்டை லேபில் அந்தப் பெண், ஷெர்லின்.
ஆலங்குளத்தில் ஒன்றை வீணாய்ப் போக்கிவிட்டு
ஒரு செம்புத் தண்ணீரும் குடித்துவிட்டு
பஸ் ஏறினோம்.
மாறாந்தை தாண்டுமுன்பே நெளிகிறார்.
முப்பத்தோரு வருசம் இதே ரோட்டில்
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அடக்கிய மனுசன்
இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அடக்குகிறார்.

போன ஆடியில் சிவப்பாய்ப் போனது.
பீட்ரூட் தின்றேன் என்றார்.
நான் பீட்ரூட் சமைத்து வருசமாகிறது.
ஐகிரவுண்டில் குழாய் விட்டுப் பார்த்தார்கள்,
பைக்குள்ளே கோழிக்கொண்டைபோல் ஒரு பூ.
சுரண்டி எடுத்தார்கள்.
அதிலிருந்து மூன்று மாசத்துக்கொரு குழாய்.
முந்தின ராத்திரி
வண்டிமலையான் என்று சாமி பேர் வைத்த ஆள்
சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

இந்தத் தடவை டாக்டர்,
முதலில் மூத்திரத்திடம் கேட்போம்,
அது என்ன சொல்லுதுன்னு பார்ப்போம் என்றார்.

எனக்குக் கழிவு தெரியும்.
வாரம் ஆறு நாள் கடையில் பீடியைக் கொட்டுவேன்.
செக்கர் தங்கதுரை ஒரு கட்டை உள்ளங்கையில் உருட்டி
நுனி பிரிந்தது, தூள் குறைந்தது, இலை வெடித்தது என்று
பிடுங்கிப் பிடுங்கி ஓரமாய்ப் போடுவான்.
ஆயிரத்துக்கு நாற்பது கழிவு.
கூலி கிடையாது, பீடியும் திரும்பக் கிடையாது.
லேபில் எல்லாம் தலைகீழ்.
கழிவைத்தான் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார்கள்.

"பழைய சுவர்ல காரை உதிருதுல்லாம்மா,
அதுபோல பையோட உள்சுவரும் உதிரும்.
உதிர்ந்த பொடிக்குள்ள எழுத்து இருக்கும்.
நாலே எழுத்துதான், அதை வச்சே ஆளை எழுதியிருக்கு.
எங்கயாவது ஒரு எழுத்து மாறிக் கிடக்கான்னு
சென்னைல மிஷின் பாக்கும்."

இவர் சிரித்தார், எத்தனையோ நாளுக்கு அப்புறம்.
"தொண்ணூத்தாறுல நம்ம வண்டிக்குப் போர்டு எழுதினவன்
வழி சீதபற்பநல்லூர்னு எழுதச் சொன்னா
வலி சீதபற்பநல்லூர்னு எழுதிட்டாம்லா.
ஒரு மாசம் ஓட்டினேன் அந்த வலியோட.
ஒருத்தனும் இறங்கல. வண்டியும் நிக்கல."

"அதேதான் ஐயா," என்றாள்.
"வண்டி நிக்காது. அதான் பிரச்சினை."

டப்பாவில் பேர் எழுதினாள், வயசு,
கடைசிக் குழாயின் தேதி.
பீடி சிகரெட் உண்டா?
விட்டாச்சு.
எத்தனை வருசம் குடிச்சீங்க?
அவர் என்னைப் பார்க்கவில்லை.
நான் என் விரலைப் பார்த்தேன்,
நகக்கண்ணில் தூள் ஏறிய மஞ்சளை.
கல்யாணமான புதிதில்
செக்கர் கண்ணசந்த நேரம் கழிவில் ஒரு பிடி அள்ளி
முந்தியில் முடிந்து கொண்டுவந்து
காக்கிச் சட்டைப் பையில் வைத்துவிட்டவள் நான்.
ஆசையாய்.

வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்
அவளிடம் மட்டும் கேட்டேன்:
"இது யார் வச்சதுன்னு சொல்லுமா?"
புரிந்திருக்கும், அல்லது புரியவில்லை.
"இருக்கா இல்லையான்னுதான் சொல்லும்மா.
சில சமயம் அதையும் தப்பாச் சொல்லும்."

பத்து நாள் ஆகுமாம்.

திரும்பும் பஸ்ஸில், பழைய பழக்கம்,
டிரைவருக்குப் பின்சீட்டு.
அபிஷேகப்பட்டி தாண்டியதும் நிறுத்தச் சொன்னார்.
இவரிடம் தொழில் படித்த பையன், நிறுத்திவிட்டான்.
உடைமரத்துக்குப் பின்னால் போனார்.
வெயிலில் வண்டி முழுக்கக் காத்திருந்தது.
கண்டக்டர் சில்லறையை எண்ணினான், மறுபடி எண்ணினான்.
நான் ஜன்னலில் தலையை நீட்டி
எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாய்க் கேட்டேன்,
"என்ன நெறம்?"

கொஞ்ச நேரம் பதிலில்லை.

"மஞ்சதாம்ட்டி."

விசில் ஊதினான்.